லேபிளில் 14, டேப்பில் 32

1937-ல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேட்டலாக்கில் 14-ம் சைஸ் கவுனின் மார்பளவு 32 இன்ச். முப்பது வருடம் கழித்து, 1967-ல், அதே 32 இன்ச் உடைக்கு 8 என்று எண் போட்டார்கள். 2011-ல் அது பூஜ்ஜியம் ஆகிவிட்டது. டேப்பில் 32 இன்ச் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. லேபிள் எண் மட்டும் படிப்படியாக இறங்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது.

இன்று கடையில் 14-ம் சைஸ் வாங்கும் ஒரு அமெரிக்கப் பெண்ணின் மார்பளவு சுமார் 39 இன்ச் இருக்கும். இணையத்தில் 1930-களின் பட்டு கவுன் ஒன்று அவர் கண்ணில் படுகிறது. லேபிளில் 14 என்று இருந்ததால் விற்பவரும் ‘சைஸ் 14’ என்றே போட்டிருக்கிறார். பணம் கட்டி, பத்து நாள் காத்திருந்து பார்சலைப் பிரித்தால், கவுன் தோளைத் தாண்டிக் கீழே இறங்க மறுக்கிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் தவறாகப் படிக்கவில்லை. இருந்தும் நடுவில் ஏழு இன்ச் காணாமல் போய்விட்டது.

விண்டேஜ் உடைகள் எனப்படும் பழைய காலத்து உடைகளை ஆன்லைனில் விற்பவர்களுக்கு நாள்தோறும் வரும் தலைவலி இது. கறையும் கிழிசலும் படத்தில் தெரிந்துவிடும். சாயம் மங்கியிருந்தால் அதுவும் தெரியும். அளவு மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. புதுத்துணிக் கடையில் ‘எம்’ இறுக்கமாக இருந்தால் ‘எல்’ மாற்றித் தருவார்கள். 1958-ல் தைத்த ஒரு கவுனுக்கு அடுத்த சைஸ் என்று ஒன்று அலமாரியில் இருக்காது. இருப்பது அந்த ஒன்றுதான். பொருந்தாவிட்டால் போகவர தபால் செலவு, வெளிநாடு என்றால் சுங்கவரி, இரண்டு பக்கமும் மனக்கசப்பு. இழுத்துப் போட்டுப் பார்த்ததில் பட்டு கிழிந்துவிட்டால், எழுபது எண்பது வருடம் பிழைத்திருந்த ஓர் உடை அன்றோடு முடிந்தது. இந்தக் கடைசி இழப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம், உடையைத் தர முடியாது.

வயதே சைஸாக இருந்த காலம்

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வயதுவந்த பெண்களின் தயார் உடைகள் மார்பளவை வைத்து விற்கப்பட்டன. 36 என்றால் 36 இன்ச். இளம்பெண்களின் உடைகளுக்கோ வயதுதான் அளவு. 14 என்றால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, 16 என்றால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு. மெலிந்த உடல்வாகு நாகரிகமாக மாறியபோது பெரியவர்களும் இளம்பெண்களின் வரிசையிலிருந்து உடை எடுக்கத் தொடங்கினார்கள். வயது என்ற பொருள் உதிர்ந்துபோக, எண் மட்டும் தங்கிவிட்டது. அந்த எண்ணுக்கு அடியில் எந்த இன்ச்சும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவை அதற்குக் கீழே வைத்துக்கொண்டது.

இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவர நடந்த பெரிய முயற்சி 1939-ல் தொடங்கியது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கிய மனையியல் அலுவலகத்தைச் சேர்ந்த ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர், ஏறத்தாழ 15,000 பெண்களிடம் ஆளுக்கு 59 அளவுகள் வீதம் எடுக்க வைத்தார்கள். 1941-ல் முடிவுகள் அச்சாயின. ஆனால் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டவை வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே. மற்றவர்களின் உடல்கள் அளக்கப்பட்டும் ஒதுக்கப்பட்டன. அந்த நாட்டின் சைஸ் முறைக்கு அடித்தளமே அந்த ஒதுக்கலின் மீது போடப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்தோடு நேராக ஒட்டுவது. 1940-களின் இறுதியில், ஒரு பொதுத் தரம் வகுத்துத் தாருங்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகத்தைக் கேட்டவர்கள் தபால் வழி விற்பனைக்காரர்கள். போட்டுப் பார்க்காமல் கேட்டலாக் பார்த்து வாங்குகிறவர்கள் பொருந்தாத உடையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு ஆன்லைன் விற்பனையாளர் படும் அதே பாடு. அந்தக் கோரிக்கையின் பலனாக 1958-ல் ‘சிஎஸ் 215-58’ என்ற தரம் வந்தது. எண்ணோடு உயரத்துக்கு ஓர் எழுத்து, சீட் எனப்படும் பின்பக்கச் சுற்றளவு கூடக் குறைய இருந்தால் அதற்கு ஒரு குறி என்று அக்கறையாகத்தான் வகுத்தார்கள். அந்தத் தரத்தில் 8-ம் சைஸுக்கு மார்பு 31, இடுப்பு இருபத்து மூன்றரை, சீட் முப்பத்திரண்டரை இன்ச்.

அது கட்டாயச் சட்டம் ஆகவில்லை. 1970-ல் திருத்தினார்கள், 1983-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1995-ல் ஏஎஸ்டிஎம் என்ற தனியார் தர அமைப்பு வெளியிட்ட அட்டவணையில் அதே 8-க்கு மார்பு 35, இடுப்பு 27, சீட் முப்பத்தேழரை. சீட்டில் மட்டும் ஐந்து இன்ச் வித்தியாசம். சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குபவர் மனம் குளிரும் என்று கம்பெனிகள் கண்டுகொண்டதன் விளைவு இது. ‘வேனிட்டி சைஸிங்’ என்று இதற்குப் பெயரே உண்டு.

ஆண்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். 2010-ல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழ், 36 இன்ச் இடுப்பு என்று லேபிள் போட்ட பேன்ட்களை டேப் வைத்து அளந்தது. 37-லிருந்து 41 இன்ச் வரை இருந்தன. தான் 36 என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர், நிஜமாகவே 36 இன்ச் இருக்கும் 1950-களின் கம்பளி பேன்ட்டை வாங்கினால் பட்டன் போட முடியாது. பழைய பேன்ட் உண்மையைத்தான் சொல்கிறது. அவருக்கு அது பழக்கமில்லை.

ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 16-ம் சைஸ் அணிந்தார் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். பருமனாக இருப்பவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லப்படும் தகவல் அது. அவருடைய உடைகள் பல இன்றும் இருக்கின்றன. ஒரு படத்தில் சுரங்க ரயில் காற்றில் பறந்த அவரது வெள்ளை கவுன் 2011-ல் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த உடைகளின் இடுப்பு மிகமிகச் சிறியது, இன்றைய 16-ஐ அணிபவருக்குக் கிட்டக்கூட வராது. தேற்றுவதற்கு வேறு நல்ல உண்மைகள் இருக்கின்றன, இந்தத் தவறான எண் வேண்டாம். ஏனென்றால் இதை நம்பி பழைய 16-ஐ வாங்குகிறவர், பொருந்தாதபோது குறையைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொள்கிறார். விற்பவர் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் அந்த வேதனை வந்திருக்காது.

லேபிளுக்கு வேறு வேலை உண்டு

அதற்காக லேபிளை வெட்டி எறிந்துவிடக் கூடாது. அளவு சொல்லத் தகுதி இல்லாத அந்தத் துண்டுத் துணி, காலம் சொல்லக் கெட்டிக்கார சாட்சி. அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கமான ஐஎல்ஜிடபிள்யூயூ 1995-ல் வேறொரு சங்கத்தோடு இணைந்தது. அதுவரை சங்கத் தொழிலாளர்கள் தைத்த உடைகளில் அதன் சின்னம் இருந்தது, சின்னத்தின் வடிவம் அவ்வப்போது மாறியது. எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்புத் துண்டு அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. பக்கவாட்டில் உலோக ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தையது. பிரிட்டன் உடையில் இரண்டு பிறை வட்டங்களோடு ‘சிசி 41’ என்ற முத்திரை இருந்தால் அது போர்க்காலப் பங்கீட்டையொட்டி, 1941-லிருந்து 1952-க்குள் தயாரானது.

காலம் தெரிந்துவிட்டால் எண்ணை எந்தத் தராசில் நிறுப்பது என்று தெரியும். 7, 9, 11 என்று ஒற்றைப்படை எண் இருந்தால் அது ‘ஜூனியர்’ வரிசை, உடல்பகுதி குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பதினாறரை, பதினெட்டரை என்று அரை எண் இருந்தால் குட்டையான, சற்றுப் பருத்த பெண்களுக்கான வரிசை. வீட்டில் தைக்க வாங்கும் பேட்டர்ன் தாள்களின் எண்கள் 1967-68 வாக்கில் மாற்றப்பட்டன. அதற்கு முன் 12 என்றால் மார்பு 32, பிறகு 34. வீட்டில் தைத்த உடைக்கு லேபிளே இருக்காது என்பதால் அதில் குழப்பமும் இல்லை, நேரே டேப்பை எடுக்க வேண்டியதுதான்.

லேபிளை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், உடைக்கு அது தைக்கப்பட்ட பிறகும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. முதல் சொந்தக்காரி பிள்ளைப்பேற்றுக்குப் பின் பக்கத்தையலைப் பிரித்து விட்டிருப்பார். தங்கைக்குக் கொடுத்தபோது மறுபடி பிடித்துத் தைத்திருப்பார்கள். உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அந்தக் காலத்து நல்ல உடைகளில் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். ‘பக்கத்துக்கு முக்கால் இன்ச் பிரித்து விட இடமிருக்கிறது’ என்று விவரத்தில் ஒரு வரி எழுதினால், அரை இன்ச் குறைவதால் தயங்கும் ஒருவருக்கு அது வாங்கும் தைரியத்தைத் தரும்.

நம் தையல்காரர்களின் வழி

நம் ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண் யாரும் தையல்காரரிடம் ‘நான் எம் சைஸ்’ என்று சொல்வதில்லை. சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொண்டுபோவார். அளவு ஜாக்கெட்டை மேசையில் விரித்து, டேப் வைத்து, குறித்துக்கொண்டு துணியை வெட்டுவார் தையல்காரர். உடம்பை அளப்பதைவிட இது நம்பகமானது. எவ்வளவு பிடிப்பாக வேண்டும், எங்கே தளர்வாக வேண்டும் என்ற அந்தப் பெண்ணின் விருப்பம் முழுவதும் அந்த ஜாக்கெட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

விண்டேஜ் விற்பனைக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நல்ல விற்பனையாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ‘உங்களுக்குப் பிடித்துப் பொருந்தும் இதே மாதிரி உடை ஒன்றைத் தரையில் விரித்து அளந்து பாருங்கள். அந்த எண்களை இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். உடம்போடு உடையை ஒப்பிடும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. உடையோடு உடையை ஒப்பிட்டால் சிக்கலுக்கு இடமே குறைவு.

அதற்கு விற்பவர் தரும் அளவு ஒழுங்காக இருக்க வேண்டும். உடையைச் சமமான இடத்தில் விரித்து, பட்டனையும் ஜிப்பையும் போட்டு, சுருக்கம் நீவி, இழுக்காமல் அளக்க வேண்டும். மார்புக்கு ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை. ஷோல்டருக்குத் தையலிலிருந்து தையல்வரை. இடுப்புக்கு உடையின் மிகக் குறுகிய இடம். அங்கிருந்து ஏழெட்டு இன்ச் கீழே சீட். பிறகு கை நீளம், முழு நீளம். விற்பவர்கள் பெரும்பாலும் மறப்பது மேல்கையின் சுற்றளவும், தோளிலிருந்து இடுப்புத் தையல்வரை உள்ள நீளமும். 1950-களின் கவுன்களில் கை மிகவும் பிடிப்பாக இருக்கும். மார்பும் இடுப்பும் சரியாக இருந்து கை நுழையாமல் திரும்பி வரும் உடைகள் ஏராளம்.

விரித்து எடுத்த அளவை அப்படியே எழுதுவதா, இரண்டால் பெருக்கி எழுதுவதா என்பதில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. ‘இடுப்பு 14’ என்று விற்பவர் எழுதுகிறார். அவர் மனதில் இருப்பது விரித்து அளந்த 14 இன்ச், அதாவது சுற்றளவு 28. படிப்பவர் அதை 14-ம் சைஸ் என்று எடுத்துக்கொள்கிறார். ‘விரித்து அளந்தது 14 இன்ச், சுற்றளவு 28 இன்ச், 71 செ.மீ.’ என்று முழுசாக எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். டேப் வைத்தபடியே ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டால் பிறகு யாரும் வாதாட முடியாது.

அளந்தது உடையைத்தான், உடம்பை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெய்த துணியில் தைத்த 36 இன்ச் கவுனுக்குள் 36 இன்ச் மார்பு மூச்சு விட முடியாது. இரண்டு இன்ச்சாவது தளர்வு வேண்டும், மேலே போடும் கோட்டுக்கு இன்னும் அதிகம். காலத்துக்குக் காலம் இந்தத் தளர்வும் மாறும். 1950-களில் இடுப்பு ஒட்டிப் பிடிக்கும், அதுவும் உள்ளே கர்டில் என்ற இறுக்கமான உள்ளாடை அணிந்து இறுக்கிய இடுப்புக்காக வெட்டியது. 1980-களின் தோள்பட்டை வைத்த கோட்டுகள் உடம்பைவிட ஆறேழு இன்ச் பெரிதாகவே தைக்கப்பட்டன. அந்தக் கோட்டின் சுற்றளவை மட்டும் பார்த்து ‘எக்ஸ்எல்’ என்று போட்டால், ‘எம்’ அணிபவருக்குப் போய்ச் சேர வேண்டிய உடை அவர் கண்ணிலேயே படாது. 1930-களில் துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்த பயாஸ் கவுன்கள் இன்னொரு ரகம். தரையில் விரித்தால் ஒரு அளவு காட்டும், உடம்பில் தொங்கும்போது நெகிழ்ந்து வேறு அளவு காட்டும். அவற்றுக்கு ‘இன்ன அளவிலிருந்து இன்ன அளவுவரை’ என்று வீச்சாக எழுதுவதே நேர்மை.

ஜீன்ஸ் ஒரு தனிக் கதை

விண்டேஜ் சந்தையில் லீவைஸ் 501 ஜீன்ஸுக்கு இருக்கும் மவுசு வேறு எதற்கும் இல்லை. பின்பாக்கெட்டின் சிவப்புத் துண்டில் நிறுவனப் பெயரின் ‘ஈ’ பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971-க்கு முந்தையது என்று சொல்லி விலையைப் பன்மடங்கு ஏற்றுவார்கள். அந்த ஜீன்ஸின் பின்பக்கப் பட்டையில் இடுப்பும் நீளமும் இன்ச்சிலேயே அச்சாகியிருக்கும். எண் இன்ச்சில் இருப்பதால் நம்பலாம் என்று தோன்றும்.

நம்பக் கூடாது. துணி சுருங்காதபடி முன்கூட்டியே பதப்படுத்தும் சான்ஃபரைசிங் முறை 1930-லேயே வந்துவிட்டது. ஆனால் பழைய 501, பதப்படுத்தாத டெனிமில் தைக்கப்பட்டது. வாங்கியவர் தண்ணீரில் ஊறவைத்து, தன் உடம்புக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. பட்டையில் இருப்பது சுருங்குவதற்கு முந்தைய அளவு. 34 என்று அச்சான ஜீன்ஸ் இன்று 32 இருக்கலாம், அதற்கும் கீழே இருக்கலாம். நீளமும் அப்படியே, நடுவில் யாராவது அடிமடிப்பை வெட்டியும் இருப்பார்கள்.

இதில் இன்னொரு நுட்பம், உடம்பில் எந்த இடத்தில் உட்கார்கிறது என்பது. பழைய ஜீன்ஸ் தொப்புளுக்குப் பக்கத்தில் உட்காரும். இன்றைய ‘லோ வெயிஸ்ட்’ பேன்ட் அதற்கு மூன்று நான்கு இன்ச் கீழே, உடம்பு அகன்ற இடத்தில் உட்காரும். இரண்டிலும் 30 என்று இருந்தாலும் அவை உடம்பின் இரு வேறு இடங்களின் அளவு. அதனால் ஜீன்ஸ் விற்பவர் கவட்டைத் தையலிலிருந்து மேல்பட்டைவரை உள்ள ‘ரைஸ்’ அளவைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்த ஓர் அளவு இல்லாத ஜீன்ஸ் விளம்பரத்தை நான் முழுமையானதாக நினைப்பதில்லை.

‘நான் மீடியம், எனக்குச் சரியா இருக்குமா?’

எவ்வளவு விவரமாக எழுதினாலும் இந்தக் கேள்வி வரும். இதற்கு ‘இருக்கும்’ என்று பதில் சொல்லிவிடுவது சுலபம், அன்றைக்கு ஒரு விற்பனையும் நடந்துவிடும். திரும்பி வரும் பார்சல்களுக்கு அந்த ஒரு சொல்தான் பிள்ளையார் சுழி. ‘உங்களிடம் நன்றாகப் பொருந்தும் கவுன் ஒன்றை விரித்து, மார்பும் இடுப்பும் அளந்து அனுப்புங்க. நான் பார்த்துச் சொல்றேன்’ என்பதே விற்பவர் சொல்ல வேண்டியது. சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், போகட்டும். அளந்து அனுப்புகிறவர் மறுபடி மறுபடி வருவார்.

தளங்களின் படிவங்களும் விற்பவருக்குப் பொறி வைக்கின்றன. சைஸ் என்ற கட்டத்தை நிரப்பாமல் பல இடங்களில் மேலே போக முடியாது. வாங்குபவரும் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் தேடுகிறார். அங்கே லேபிள் எண்ணைப் போடாமல், அளந்த இன்ச்சுக்கு இன்றைய சைஸில் எது நெருங்குகிறதோ அதைப் போட வேண்டும். தலைப்பிலேயே ‘மார்பு 36, இடுப்பு 27’ என்று சேர்த்துவிட வேண்டும். லேபிளின் படத்தைக் கீழே கொடுத்து, ‘லேபிளில் 14 என்று இருக்கிறது, இது அந்தக் காலத்து எண், அளவைப் பார்த்து வாங்கவும்’ என்று எழுதினால் போதும். ஐரோப்பிய உடை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிரான்ஸின் 38, இத்தாலியில் 42, ஜெர்மனியில் 36, பிரிட்டனில் 10, அமெரிக்காவில் 6. ஜப்பானின் ‘எம்’ அமெரிக்காவின் ‘எம்’மைவிடச் சிறியது. பொம்மைக்கு மாட்டிப் படமெடுக்கும்போது முதுகில் கிளிப் போட்டு இறுக்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் படமே பொய் சொல்லும்.

இந்தியாவுக்கென்று சொந்த அளவு அட்டவணை இல்லாத குறையைத் தீர்க்க, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுவரை உள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வரும்கால உடைகளுக்கு அது பயன்படும். ஏற்கெனவே தைத்து விற்றுப்போன உடைகளின் எண்களை எந்த அட்டவணையாலும் மாற்ற முடியாது.

அவற்றில் திருப்பூர் உடைகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் மெஷர்மென்ட் சார்ட் உண்டு. செக்கிங் மேசையில் டி-ஷர்ட்டை விரித்து, கைக்குழிக்கு ஒரு இன்ச் கீழே டேப் வைத்து, சார்ட்டில் அனுமதித்த டாலரன்ஸுக்குள் இருந்தால்தான் பேக்கிங்குக்கு விடுவார்கள். அமெரிக்காவுக்குப் போகும் ‘எம்’முக்கு ஒரு சார்ட், ஐரோப்பாவுக்குப் போகும் ‘எம்’முக்கு வேறு சார்ட். இரண்டையும் ஒரே மேசையில் அளந்த கைகள் அங்கே ஏராளம். 20 வருடம் கடந்த திருப்பூர் பனியன்கள் இப்போது எட்ஸி என்ற இணையச் சந்தையின் விதிப்படி விண்டேஜ் ஆகிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருடச் சலவையில் பின்னலாடை நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரிந்திருக்கும். சார்ட்டில் இருந்த எண்ணும் இன்று அதற்குப் பொருந்தாது. விற்க எடுத்தவர் அதை மறுபடி ஒரு மேசையில் விரித்து, அதே கைக்குழிக்கு ஒரு இன்ச் கீழே டேப் வைத்து, இன்றைக்கு என்ன அளவு இருக்கிறதோ அதை எழுத வேண்டும்.